மலையகத்தில் நில அளவையும் மட்டம் பார்த்தலும் – ஒரு வரலாற்று நோக்கு

நில அளவை தமிழர் வரலாற்றுக்குப் புதியதொன்றன்று. முதலாம் இராஜராஜ சோழன் காலத்தில், கி.பி. 1001 அளவில் தொடங்கப்பெற்ற பெரும் நில அளவை, சோழர் நிருவாகத்தின் அடித்தளமாக விளங்கியது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்கள் ஊரின் மொத்த நிலத்தைக் கூறி, அதிலிருந்து ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, பறைச்சேரி முதலியவற்றைக் கழித்து, எஞ்சிய நிலத்துக்கே வரி விதித்தமையைக் காட்டுகின்றன. அவ்வளவையில் சமத்துவம் நிலவியது என்று எவரும் கூறார். ஆயினும், உழைப்போர் குடியிருந்த இடம் குடியிருப்பு என்ற பெயராலேயே அங்குப் பதிவு பெற்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. ஏறத்தாழ எண்ணூற்று நாற்பது ஆண்டுகளின் பின்னர், இலங்கையின் மத்திய மலைநாட்டில் மற்றுமொரு பெரும் நில அளவை நிகழ்ந்தது. அதன்வழி உருவான தோட்டங்களில் உழைத்த தமிழர், தாம் செப்பனிட்ட மண்ணில் ஒரு முழத்துக்கேனும் உரியவராகப் பதிவு பெறவில்லை. அவ்வளவையின் வரலாற்றையும், அதன் உடன்பிறப்பான மட்டம் பார்த்தற் கலையின் வரலாற்றையும் ஒருங்கே நோக்குமிடத்து, மலையக வரலாற்றின் கவனியாது விடப்பட்ட ஒரு பக்கம் புலனாகின்றது.

பிரித்தானியர் ஆட்சியில், 1800ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி நில அளவைத் திணைக்களம் நிறுவப்பட்டது. எனினும், 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ச்சியுற்ற பின்னரே மலைநாடு அதன் எல்லைக்குள் வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும் அரசுக்குரியனவாகக் கொண்டது. அந்நிலங்கள் தொடக்கத்தில் ஏக்கர் ஒன்றுக்கு 5 சிலிங் விலையிலும், 1844 முதல் குறைந்தது ஒரு பவுண் விலையிலும் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. விற்பதற்கு எல்லை வேண்டும். எல்லைக்கு அளவை வேண்டும். ஆங்கிலக் கணித அறிஞர் எட்மண்ட் குண்டர் 1620 அளவில் வகுத்த 66 அடிச் சங்கிலி இதற்குக் கருவியாயிற்று. நூறு கண்ணிகளைக் கொண்ட அச்சங்கிலியின் பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கராகும். பரம்பரை பரம்பரையாகக் கண்டிய விவசாயிகள் சேனைப் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் பயன்படுத்திய மலைச்சரிவுகள், இவ்வாறு ஏக்கர், றூட், பேர்ச் என்னும் எண்களாக மாறி விற்பனைக்கு வந்தன.

கிடைநிலத்தில் எல்லை குறிப்பதற்குச் சங்கிலியும் கோணமானியும் போதும். மலைநிலத்திலோ மூன்றாவது ஓர் அளவும் தேவைப்படுகின்றது, அதுவே உயரம். இரு புள்ளிகளுக்கிடையே உள்ள உயர வேறுபாட்டைக் கண்டறிவதே மட்டம் பார்த்தல் எனப்படும். இக்கலை இந்நாட்டிற்கு ஐரோப்பியர் கொணர்ந்ததன்று. ஐந்தாம் நூற்றாண்டில் கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துத் திசாவாவிக்கு நீர் கொண்டுசென்ற ஜயகங்கை, 54 மைல் நீளமுடையது. அதன் முற்பகுதியில் மைலுக்கு ஆறு அங்குலமே சரிவு என்பர். அத்தகைய நுட்பம் விளங்கிய நாட்டில், பத்தொன்பதாம் நூற்றாண்டு மட்டக்கலையை மலைச்சரிவுகளுக்கு உயர்த்தியது.

அதன் முதற்படி வீதிகள். கொழும்பு - கண்டி வீதியின் பணி 1820இல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் தொடங்கிற்று. அப்பணியில் இளம் வயதிலேயே சேர்ந்த தோமஸ் ஸ்கின்னர் நில அளவையைப் பெரும்பாலும் தன் முயற்சியாலேயே கற்றவர். மலைநாட்டில் அவர் எடுத்த அளவைகள் ஜெனரல் பிரேசரின் இலங்கைப் படத்திற்கு உதவின. 1867இல் ஓய்வு பெற்ற ஸ்கின்னரின் நினைவுகள், அவர் மறைவுக்குப் பின் 1891இல் நூலாக வெளிவந்தன. அவர்தம் வீதிகளில் முதலில் இராஜகாரிய முறையின்கீழ்ச் சிங்களக் குடிமக்களும், பின்னர் தென்னிந்தியாவிலிருந்து திரட்டப்பட்ட 'பயனியர்' படைப்பிரிவினரும் உழைத்தனர். பொறியியலாளருக்கு நினைவுநூல் எஞ்சியது; மண் வெட்டியோருக்கு வீதி மட்டுமே எஞ்சியது.

மலைவீதி வகுக்கும் முறையை அறிந்தாலன்றி அவ்வுழைப்பின் தன்மை விளங்காது. இந்தியாவில் நில அளவை கற்பிக்கும் பாடநூல்களில் இன்றும் 'சிலோன் காட் டிரேசர்' என்றொரு கருவி இடம்பெறுகின்றது. 'காட்' என்னும் இந்துஸ்தானிச் சொல் மலைப்பாதையைக் குறிக்கும். இலங்கையின் பெயர் தாங்கிய அக்கருவி மிக எளிமையானது. ஒரு நீண்ட குழாய். அதன் ஒரு முனையிற் கண் வைத்துப் பார்க்கும் துளை, மறு முனையிற் குறுக்குக் கம்பிகள். கோல் ஒன்றின்மீது தொங்கும் அக்குழாயின் வழியே ஒரு பாரம் முன்னும் பின்னும் நகரும். பாரத்தைச் சுழியக் குறியில் நிறுத்தினால் பார்வைக்கோடு கிடையாகும். பார்ப்பவரை நோக்கி நகர்த்தினால் கோடு மேல்நோக்கும். அப்பால் நகர்த்தினால் கீழ்நோக்கும். இருபது அடிக்கு ஓரடி எழவேண்டுமாயின், அக்குறியிற் பாரத்தை நிறுத்துதலே கணக்கு.

ஆனால், கருவியைப் பிடிப்பவர் ஒருவரால் மட்டும் பாதை பிறவாது. கருவியின் உயரத்துக்குச் சமமான குறிப்பலகையை ஏந்தியவாறு மற்றொருவர் முன்னே செல்லவேண்டும். அவருக்கு முன்னே கத்தியேந்தியோர் காட்டை வெட்டி வழி காட்டவேண்டும். பலகை பார்வைக்கோட்டிற் பொருந்தும்வரை அவர் சரிவில் ஏறியும் இறங்கியும் நிற்பார். பொருந்திய இடத்தில் முளை அடிக்கப்படும். பின்னர் கருவி அம்முளைக்கு நகரும். அட்டைக்கடியும் மழையும் மிகுந்த அச்சரிவுகளில் முளைக்குப் பின் முளையாக இக்கோடு வளர்ந்தே வீதியாயிற்று. தேயிலைத் தோட்டங்களின் உள்வீதிகளும், மலையக மக்கள் 'கான்' என வழங்கும் வடிகால்களும் இம்முறையாலேயே குறிக்கப்பட்டன.

இரண்டாம் படி புகையிரதப் பாதை. 1867இல் கண்டியை அடைந்த புகையிரதம், 1874இல் நாவலப்பிட்டியையும் 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. மலைப்பாதைக்குப் பொறியியலாளர் விதித்த உச்சச் சரிவு 44 அடிக்கு ஓரடி. அதாவது ஒரு மைல் ஓடினால் 120 அடிக்குமேல் ஏறலாகாது. தலவாக்கலை ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்திலும் நானுஓயா ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இவ்வேறுபாடான 400 மீற்றரை அச்சரிவில் ஏறுவதற்குப் பாதை 17 கிலோமீற்றருக்கு மேல் நீளவேண்டும். இரு ஊர்களுக்குமிடையே நேர்கோட்டுத் தூரமோ அதில் ஏறத்தாழப் பாதியே. ஆகவே, பாதை மலைகளைச் சுற்றி வளைந்து தன் நீளத்தைத் தானே தேடிக்கொண்டது. இன்று பயணிகள் கண்டு வியக்கும் வளைவுகள் அழகுக்காக அமைந்தவையல்ல, மட்டக்கணக்கு விதித்தவை.

1924இல் பதுளை வரை நீண்ட இப்பாதையின் தெமோதரை வளைவில், புகையிரதம் ஒரு மலையைச் சுற்றி இறங்கித் தான் கடந்துவந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழி செல்கின்றது. இதைப் பற்றிச் செவிவழிக் கதையொன்று வழங்கும். வழி தெரியாது மயங்கிய பொறியியலாளர், கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைக் கண்டு இவ்வமைப்பை உணர்ந்தார் என்பது அக்கதை. அது உண்மையா என்பது வேறு வினா. ஆனால், அக்கதையிற் கங்காணிக்குத் தலைப்பாகை உண்டு, பெயர் இல்லை. மலையகத்தின் தொழில்நுட்ப வரலாறு முழுவதற்கும் இது பொருந்தும்.

மூன்றாம் படியே மிக முக்கியமானது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, மலைநாடு முழுவதும் பரவியது. காடழிந்த செங்குத்துச் சரிவில் மண்ணைக் காப்பது கானே. கான் மிகச் சரிந்தால் ஓடும் நீர் மண்ணை அரித்துச் செல்லும். சரிவே இல்லாவிடில் நீர் தேங்கி மண்ணுக்குள் இறங்கும். எனவே, மலையைக் குறுக்காகச் சுற்றும் கானுக்கு 120 அடிக்கு ஓரடி என்னும் சரிவு ஏற்றதெனக் கொள்ளப்பட்டது. இது பத்தடிக்கு ஓர் அங்குலமாகும். பத்தடிக் கோலும் மட்டமும் கைவசம் இருப்பின், எழுத்தறியாதவரும் இதனைச் சரிபார்க்கலாம். கானுக்குள் இடையிடையே சிறு தடுப்புகளை விட்டு, வண்டல் படியவும் மிகை நீர் வழிந்து செல்லவும் செய்யும் முறையும் தோட்டங்களில் வளர்ந்தது. 1925இல் நிறுவப்பெற்றுப் பின் தலவாக்கலையை அடுத்த சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் இத்தகைய முறைகளை ஆராய்ந்து பரப்பியது. 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் நாடளாவிய நிலையில் இதற்குச் சட்டவலு அளித்தது. எனினும், மழை பெய்யும்போது நீர் எங்கே திரும்பும், எந்தக் கான் உடையும் என்பதைக் கானுக்குள் நின்று மண் வாரியவரே நாள்தோறும் கண்டறிந்தனர்.

இவ்வாறு சரிவையும் மட்டத்தையும் கையால் அறிந்த மக்கள் வாழ்ந்தது பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயன் காம்பராக்களில். தோட்டத்தின் வரைபடத்தில் லயன் இடம்பெற்றது. ஆனால் தொழிற்சாலையைப் போன்று தோட்டத்தின் கட்டடங்களுள் ஒன்றாகவே இடம்பெற்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களின் உடைமையை அரசுக்கு மாற்றின. லயனின் எல்லைக்கோடு மாறவில்லை. நாடற்றவராக எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே குடியுரிமை வழங்கியது. 2015ஆம் ஆண்டின் பின்னரே, குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியும் தனிவீடும் என்னும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. ஓர் ஏக்கர் 160 பேர்ச் ஆதலால், ஏக்கரொன்றில் இத்தகைய 22 துண்டுகள் அடங்கும். அளவிற் சிறிதெனினும், தோட்டத் தொழிலாளியின் பெயரில் எல்லைக்கல் நாட்டப்படும் நிலை அதன்வழித் தோன்றிற்று.

இந்நிலையில், மட்டம் பார்த்தல் உயிர் காக்கும் அறிவாகவும் மாறியுள்ளது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களைப் புதைத்தது. அச்சரிவு ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும், மக்கள் அங்கேயே வாழ நேர்ந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களைப் படமாக்கி வருகின்றது. ஆனால், படத்தின் அறிவுரை நிலத்தில் நிறைவேறுவது வீடு கட்டும் சிறு ஒப்பந்தகாரரின் கையில் உள்ளது. வீட்டுத்தளத்துக்காக மேற்பக்க மண்ணைச் செங்குத்தாக வெட்டுவதும், கீழ்ப்பக்கத்தில் இறுக்காத மண்ணைக் கொட்டி நிரப்புவதும், குறுக்கே செல்லும் பழைய கானை அடைத்துச் சுவர் எழுப்புவதும், நூறாண்டு உழைப்பு வகுத்த நீரோட்டத்தைக் குலைப்பனவாகும்.

இவற்றைத் தவிர்க்கத் தேவைப்படும் திறன் பெரிதன்று. நீர் நிரம்பிய தெளிந்த குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அது கொண்டு அத்திவாரத்தின் நான்கு மூலைகளையும் சமப்படுத்தலாம். மட்டக்கருவி இருப்பின், பின்னே நிறுத்திய அளவுகோலில் 1.20 மீற்றரும் முன்னே நிறுத்தியதில் 0.35 மீற்றரும் காணப்பட்டால், நிலம் 0.85 மீற்றர் உயர்ந்துள்ளது என ஒரு கழித்தலால் அறியலாம். மூன்று, நான்கு, ஐந்து அடி கொண்ட முக்கோணத்தால் மூலையைச் செங்கோணமாக்கலாம். வீட்டைச் சுற்றிய கானுக்குப் பத்தடிக்கு ஓர் அங்குலச் சரிவு கொடுத்துப் பழைய கானுடன் இணைக்கலாம். முற்காலத்தில் தோட்டத் துரையின் கருவிக்கு முன்னே பலகை ஏந்தி நின்றவரின் பேரன், இன்று கருவியின் பின்னே நின்று கண் வைத்துப் பார்க்கவேண்டியவனாகின்றான்.

மலையகத்து மண்ணில் வகுக்கப்பட்ட ஒவ்வொரு மட்டக்கோடும் இருவகை வரலாற்றைத் தாங்கியுள்ளது. ஒன்று, படங்களிலும் சட்டங்களிலும் நினைவுநூல்களிலும் பதிவானது. மற்றையது, முளையிலும் கானிலும் மண்வெட்டியிலும் பதிவானது. முன்னையது எழுதப்பட்டுவிட்டது. பின்னையதை அறிந்த முதியோர் இன்னும் சிலர் தோட்டங்களில் வாழ்கின்றனர். எந்த மலையில் எந்தக் கான் எங்கே திரும்புகின்றது என்று அவர்களைக் கேட்டுக் குறித்தல் வரலாற்று மாணவர்க்கும் கட்டடத் தொழிலாளர்க்கும் பொதுவான கடமையாகும். ஏழு பேர்ச் நிலத்தில் எழும் வீடு நிலைத்து நிற்பதற்கு அவ்வறிவும் ஓர் அத்திவாரமாகும்.