சுவையற்ற ஏடும் சிதறாத சிந்தையும்

திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்த பாடசாலைகளிற் பரீட்சை எழுதும் மாணவனுக்கு ஒரு தொல்லை உண்டு. வினாத்தாளில் நீண்டதோர் உரைநடைப் பகுதி தரப்பட்டிருக்கும். அதனை வாசித்து, கீழுள்ள வினாக்களுக்கு விடை எழுதுதல் வேண்டும். பொருளோ அவனுக்குச் சிறிதும் சுவை தராதது. கண் வரிமேற் செல்லும். மனம் கடலிற் சென்று திரியும். பக்கத்தின் அடியை அடைந்த பின்னரே, தான் ஒன்றையும் வாசிக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியவரும்.

சுவையற்ற ஏட்டோடு போராடிய ஒருவரின் வரலாறு இத்துறைமுகத்தை ஒட்டியே தொடங்குகிறது. 1659ஆம் ஆண்டில் மசூலிப்பட்டினக் கரையிற் புயலிற் சிக்கிப் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், பழுது தீர்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்து நங்கூரமிட்டது. 1660இல் அதன் தலைவரும், அவருடைய மகன் இராபர்ட் நொக்ஸ் என்னும் பத்தொன்பது வயது இளைஞரும், மாலுமிகள் சிலரும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பட்டு மலைநாடு சென்றனர். அடுத்த ஆண்டே தந்தை காய்ச்சலால் மாண்டார். மகனிடம் இருந்த நூல்கள் இரண்டே; இரண்டும் சமய ஒழுக்கம் போதிப்பவை; கதையோ வேடிக்கையோ அற்றவை. நொக்ஸ் அவற்றை எடுத்துக்கொண்டு வயற்புறத்து மரநிழலில் அமர்ந்து, பொழுது சாயுமட்டும் வாசிப்பதும் சிந்திப்பதுமாக இருந்தார். படித்துப் படித்து அவை ஏறத்தாழ மனப்பாடமாகிவிட்டன என்று, 1681இல் இலண்டனில் வெளிவந்த தமது நூலில் அவரே கூறுகிறார். பின்னொருநாள் கிழவர் ஒருவர் ஆங்கில விவிலியம் ஒன்றைக் கொணர்ந்தார். நொக்ஸ் ஒரு பின்னல் தொப்பியை விலையாகக் கொடுத்து அதனைப் பெற்றார். விரித்ததும் கண்ணிற் பட்ட இடம், மீட்சிபெறத் தான் என்செய்ய வேண்டும் என்று சிறைக்காவலன் ஒருவன் பவுலடிகளை வினவும் இடம். மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே அவரைப் பற்றின.

நொக்ஸுக்கு வாசிக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருந்தன. பரீட்சை மண்டபத்து மாணவனுக்கோ சில நாழிகைகளே. 1880 முதல் இலங்கையில் நடைபெற்ற கேம்பிரிட்ஜ் பரீட்சைகளிற் கொழும்பு மாணவனுக்கும் கீழ்க்கரை மாணவனுக்கும் வினாத்தாள் ஒன்றே. விடைத்தாள்கள் கப்பலேறி இங்கிலாந்து சென்று திருத்தப்பட்டன. உத்தியோகத்துக்கு வாயிலாக அமைந்த அச்சான்றிதழ், பார்த்தறியாத ஒரு நாட்டின் உரைநடையை ஊன்றிப் படிப்பதைப் பொறுத்திருந்தது! 1908இல் அதன் மேற்பிரிவிற் சித்தியெய்திய காரைதீவு இளைஞரே, பின்னர் திருக்கோணமலை இந்துக் கல்லூரியிற் பணியாற்றிய விபுலாநந்த அடிகள். 1916இல் அவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். பதம் பிரித்தல், கொண்டுகூட்டல், பதவுரை காணல் என நம் பண்டிதர் கைக்கொண்ட முறையில், வாசிப்பவன் சும்மா இருத்தல் இயலாது. எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தேடுகிறவனுக்கு வறண்ட வாக்கியமும் வேலை கொடுக்கும். ஆங்கில வாக்கியத்தைப் பகுத்து இலக்கணம் கூறும் பயிற்சியும் இவ்வகையினதே. இவற்றை வெறும் நெட்டுரு என இகழ்வோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

உளநூலார் இதனை அளந்து பார்த்ததும் அதே கேம்பிரிட்ஜ் நகரிற்றான். இரண்டாம் உலக யுத்தகாலத்தில், நீர்மூழ்கிகளைத் தேடி ராடார்த் திரையை நோக்கியிருந்தோரின் கவனம் ஏன் தளர்ந்தது என்பதை நோர்மன் மக்வர்த் ஆராய்ந்தார். முடிவுகள் 1948இல் வெளியாயின. வெற்று முகப்பிலே படிப்படியாகத் தாவிச் செல்லும் முள் ஒன்று எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும். அதனைக் கண்டு சொல்ல வேண்டும். முதல் அரைமணிக்குள்ளேயே தவறுகள் பெருகின. இடையில் தொலைபேசியில் ஒரு சொல் வந்ததும் விழிப்பு மீண்டது.

பரீட்சை மண்டபத்தில் தொலைபேசி இல்லை. ஆயினும் பகுதியின் அடியில் வினாக்கள் உள்ளன. அவற்றை முன்னதாக வாசித்துவிட்டு மேலே திரும்பும் மாணவன், தேடுவதற்கு ஒன்றைக் கையிற் கொண்டே முதல் வரியிற் புகுகிறான்.