கோப்பிக்காக இட்ட பாதை

கொழும்புக் கோட்டையிலிருந்து கண்டிக்குப் புகையிரதத்திற் செல்வோர் இறம்புக்கனை நிலையத்தைக் கடந்ததும் ஒரு மாறுதலை உணர்வார்கள். வண்டியின் வேகம் தளரும். இயந்திரத்தின் ஓசை கனக்கும். ஒரு பக்கம் செங்குத்தான பாறையும் மறுபக்கம் ஆழ்ந்த பள்ளத்தாக்குமாகப் பாதை வளைந்து வளைந்து மேலேறும். நாற்பத்தைந்து அடி முன்னே சென்றால் ஓர் அடி உயரும் ஏற்றம் அது. ஏறிமுடிந்து கடுகண்ணாவையை அடைந்ததும், பழைய கண்டி வீதியும் இருப்புப்பாதையும் அருகருகே வந்து சேர்வதைக் காணலாம். ஒன்று மாட்டுவண்டியின் வழி. மற்றொன்று நீராவியின் வழி. இவ்விரண்டு வழிகளின் கதையே இன்று யான் உங்களுக்குச் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள்.

புதிய இயந்திரம் ஒன்று நாட்டுக்குள் வரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுவதுண்டு. "இனி எல்லாருக்கும் வாழ்வு" என்பது ஒன்று. "இனி எங்கள் பிழைப்புப் போயிற்று" என்பது மற்றொன்று. கணினியும் செயற்கை அறிவும் தொழில்களை மாற்றிவரும் இக்காலத்தும் அவ்விரு குரல்களையும் கேட்கின்றோம். இவற்றுள் எது மெய்? நம் நாட்டிற் புகையிரதம் வந்த வரலாறு இதற்கு ஒரு விடை தருகின்றது.

முதலில் வண்டிக்காலத்தை நினைத்துப் பார்ப்போம். தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் 1820ஆம் ஆண்டளவில் கொழும்பு - கண்டி வீதியை அமைக்கத் தொடங்கினார். கூலியின்றி வேலைவாங்கும் இராசகாரிய முறையினால் ஊர்மக்களின் உழைப்பு அவ்வீதிக்குப் பயன்படுத்தப்பட்டது. படைகள் செல்வதற்கென வகுத்த அவ்வழி, அடுத்த இருபது ஆண்டுகளிற் கோப்பி செல்லும் வழியாயிற்று. மலைநாட்டுக் காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்கள் பெருகின. தோட்டத் தொழிலாளர் உண்ணும் அரிசி மூட்டைகள் கொழும்பிலிருந்து வண்டிகளில் மேலேறின. கோப்பி மூட்டைகள் அதே வண்டிகளிற் கீழிறங்கின. கரையோரச் சிங்களவர் பலர் வண்டியுடைமையாளராகிச் செல்வம் சேர்த்தனர். வழிநெடுக அம்பலங்களும் புல்லுக்கடைகளும் சாப்பாட்டுக்கடைகளும் லாடம் அடிப்போர் பட்டறைகளும் தோன்றின.

ஆயினும் வண்டியின் வேகம் மாட்டின் கால்வேகமே. மழை பெய்தாற் சக்கரம் புதையும். மாட்டுக்குக் கொள்ளைநோய் வந்தாற் போக்குவரத்தே நின்றுவிடும். கண்டியிலிருந்து கொழும்புக்கு மூட்டை போய்ச்சேரப் பல நாட்கள் சென்றன. அதற்குள் கப்பல் புறப்பட்டுவிடும். கோப்பியும் ஈரத்திற் கெடும். எனவே தோட்டத் துரைமார் இருப்புப்பாதை வேண்டுமென்று இடைவிடாது கேட்டனர்.

1845ஆம் ஆண்டில் இதற்கெனக் கம்பெனி ஒன்று நிறுவப்பட்டது. காரியம் எளிதில் நிறைவேறவில்லை. 1857ஆம் ஆண்டில் கப்டன் மூர்சம் என்னும் பொறியியலாளர் வழிகளை ஆராய்ந்து, எட்டரை இலட்சம் பவுணுக்குச் சற்று மேற்பட்ட செலவிற் கண்டிக்குப் பாதையிடலாம் என்று மதிப்பிட்டார். 1858இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடக்கிவைத்தார். பின்னர் அம்மதிப்பீடு போதாதெனத் தெரியவந்தது. 1861இல் அரசாங்கமே வேலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரும் சிங்களத் தொழிலாளரும் பாறையை உடைத்துக் குகை குடைந்து மலைச்சரிவிற் பாதையிட்டனர். 1864ஆம் ஆண்டு திசம்பர் 27ஆந் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதல் வண்டி ஓடிற்று. 1867இல் அது கண்டியை அடைந்தது. பல நாட்பயணம் சில மணிநேரப் பயணமாகச் சுருங்கியது.

இவ்விடத்திலேதான் வரலாறு எதிர்பாராத திருப்பம் ஒன்றைக் காட்டுகின்றது. பாதை கண்டியை அடைந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில், 1869இற் கோப்பி இலைகளிற் செம்மஞ்சள் நிறப் பொடிபோன்ற நோயொன்று தோன்றியது. கோப்பியின் விலை உயர்ந்திருந்தமையாற் சில ஆண்டுகள் துரைமார் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. மேலும் மேலும் காடழித்துப் பயிரிட்டனர். நோயோ தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குப் பரவிற்று. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி 1884இல் முறிந்தது. எந்தப் பயிருக்காகப் பெரும்பொருள் செலவிட்டுப் பாதை இட்டார்களோ, அந்தப் பயிர் அழிந்தது. பாதை எஞ்சி நின்றது.

அப்பாதைக்குப் புதுவேலை கொடுத்தது தேயிலை. கண்டி புகையிரதத்தைக் கண்ட அதே 1867இல், ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். 1873இல் இலண்டனுக்குச் சென்ற இலங்கைத் தேயிலை 23 இறாத்தல் மட்டுமே. அவ்வளவு சிறிய தொடக்கத்திலிருந்தே பின்னர் நாட்டின் பொருளாதாரம் முழுவதும் மாறியது. தேயிலைத் தொழிற்சாலைக்குக் கனத்த இயந்திரங்கள் வேண்டும்; பெட்டிக்குப் பலகையும் ஈயத்தாளும் வேண்டும்; உழைப்பவருக்கு அரிசி வேண்டும். இவற்றையெல்லாம் சுமந்து பாதை மேலும் ஏறிற்று: 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1894இற் பண்டாரவளை, 1924இற் பதுளை. இடையே பட்டிப்பொலையில் அது 6,226 அடி உயரத்தைத் தொடுகின்றது. ஓர் இயந்திரம் எதற்குப் பயன்படப் போகின்றதென்பதை அதனைக் கொண்டுவருவோர்தாமும் முற்றாக அறியார் என்பது இதனாற் பெறப்படும் முதற் பாடம்.

இனி, வண்டிக்காரர் என்ன ஆயினர்? கண்டி வீதியின் நெடும்பயணத் தொழில் வீழ்ந்தது மெய். வழியோரக் கடைகள் பல வாடிக்கையாளரை இழந்தன. ஆயினும் மாட்டுவண்டி மறைந்துவிடவில்லை. புகையிரதம் நிலையத்திலே நின்றுவிடும். தோட்டத்திலிருந்து நிலையத்துக்கும், நிலையத்திலிருந்து பண்டகசாலைக்கும், பண்டகசாலையிலிருந்து துறைமுகத்துக்கும் பொருளைக் கொண்டுசெல்ல வண்டி வேண்டியிருந்தது. நெடுவழி போய்க் குறுவழி பெருகிற்று. முதல் வண்டி ஓடி நாற்பது ஆண்டுகளுக்குப் பின்பும், 1906இற் கொழும்பு வண்டிக்காரர் வேலைநிறுத்தம் செய்தபோது நகரின் வர்த்தகமே தடைப்பட்டது என்றால், அவர்கள் தொகையும் தேவையும் எத்தகையன என்பது விளங்கும். ஆறு ஆண்டுகள் கழித்து, 1912இற் புகையிரதத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தனர். பழைய வண்டியை ஓட்டியவனும் புதிய வண்டியை ஓட்டியவனும் தத்தம் உழைப்பின் விலையைக் கேட்க ஒரே வழியையே நாடினர் என்பது எண்ணத்தக்கது.

இப்பொழுது வடக்கே செல்வோம். 1902இல் யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் வண்டி ஓடத் தொடங்கியது. 1905ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி கொழும்பிலிருந்து நேரே யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் வந்தது. அதற்குமுன் தலைநகருக்குச் செல்வோர் கடல்வழியாகக் கப்பலிலோ, வன்னிக் காட்டு வழியாகவோ பல நாட்கள் வருந்திச் செல்லவேண்டியிருந்தது. சுருட்டும் வெங்காயமும் தெற்கே சென்றன; அவற்றினும் மிகுதியாகச் சென்றவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள். அமெரிக்க மிசனரிமார் 1816இல் வந்து, 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக் கழகம் ஒன்றைத் தொடங்கியிருந்தனர். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்தார். இவ்வாறு இரண்டு மூன்று தலைமுறைகளாகக் கல்வி வேரூன்றிய மண்ணுக்குப் புகையிரதம் வந்தது. கந்தோர்களில் இலிகிதர்களாகவும், நிலையங்களில் அதிபர்களாகவும், தந்தி அனுப்புவோராகவும் அவ்விளைஞர் அமர்ந்தனர்.

கடல் கடந்தும் அவர்கள் சென்றனர். மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885இல் தைப்பிங் நகரிலிருந்து போர்ட் வெல்ட் துறைக்கு இடப்பட்டது. அதனை இட்டவர்களுள் இலங்கையிலிருந்து சென்ற தொழிலாளர் படையும் இருந்தது. பின்னர் யாழ்ப்பாணத்தார் பலர் மலாயப் புகையிரத சேவையிற் சேர்ந்தனர். மாதந்தோறும் வந்த மணியோடர் ஊரிற் கல்வீடாயிற்று, கோயிற் றிருப்பணியாயிற்று, தம்பிமாரின் படிப்பாயிற்று. ஓய்வுபெற்று வந்த 'மலாயன் பென்சனியர்' ஒருவரேனும் இல்லாத கிராமம் அரிதாயிற்று. வண்டிக்குள்ளே மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. இருக்கை முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்பெனக் கட்டணத்தாற் பிரிக்கப்பட்டதேயன்றிப் பிறப்பினாற் பிரிக்கப்படவில்லை. ஊரில் ஒரு திண்ணையில் அமரமாட்டாதவர்கள் ஒரு பலகையில் அமர்ந்து பயணஞ் செய்தனர். அது சாதியை ஒழித்ததென்று சொல்வதற்கில்லை. எனினும் பழைய கட்டு ஓரிடத்தில் நெகிழ்ந்தது.

இதே இருப்புப்பாதை மலைநாட்டுத் தமிழருக்கு என்ன செய்தது? இக்கேள்வியே இப்பேச்சின் உயிர்நிலையானது.

கோப்பிக்காலத்தில் தொழிலாளர் அறுவடைக்கு வந்து, அது முடிந்ததும் தமிழகத்துக்குத் திரும்புவர். மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காடுகளூடே மாத்தளை வரை நடந்து வந்தனர். நோயினாலும் பசியினாலும் வழியிலே மாண்டோர் மிகப் பலர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. அதற்கு ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும். ஆகவே அவர்கள் குடும்பத்தோடு தங்கி, லயங்களிலே வாழத் தலைப்பட்டனர். 1914இல் தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டது. அக்கரையில் அதே ஆண்டு பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. இடையிலே கப்பல் ஓடிற்று. நடந்து மாண்ட துயரம் ஒழிந்தது. இது புகையிரதம் செய்த நன்மை, மறுக்கவியலாதது.

ஆனால் வந்து இறங்கியபின் அவர்கள் கைக்கு என்ன கிடைத்தது? கங்காணியிடம் பட்ட கடனைத் தீர்த்தால் விடுவிப்போம் எனத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அத்துண்டு இல்லாதவரை வேறு தோட்டம் வேலைக்கு ஏற்காது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்படும் வரையில், மலையடியில் வண்டி கூவிச்செல்வதைக் கேட்டுக்கொண்டே, அதிலேறிப் பிழைப்புத் தேடிப்போக முடியாதவர்களாய் அவர்கள் இருந்தனர். தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமென்று கல்விச் சட்டம் வற்புறுத்தியது இருபதாம் நூற்றாண்டிலேதான். வடக்கிற் கல்வி முன்னே வந்தது, வண்டி பின்னே வந்தது. மலையில் வண்டி முன்னே வந்தது; கல்வி மிகப் பின்னே வந்தது.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கவும் இணங்கின. அதன்பின் மலைநாட்டு நிலையங்களிற் கண்ட காட்சியை முதியோர் இன்றும் மறந்திலர். தகரப் பெட்டியும் பாய்ச்சுருளுமாக ஏறுவோர். வழியனுப்ப வந்து வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவோர். தேயிலையைத் துறைமுகத்துக்கு இறக்கிய அதே பாதை, தேயிலையை வளர்த்தவர்களைத் தலைமன்னாருக்கு இறக்கிற்று. எஞ்சியோரின் நாடற்ற நிலை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

நேயர்களே, பாதை ஒன்று, இயந்திரம் ஒன்று, பேசும் மொழியும் ஒன்று. எனினும் ஒரு சாராருக்கு அது நிலைய அதிபரின் தொப்பியைக் கொடுத்தது. மற்றொரு சாராருக்கு லயத்து அறையைக் கொடுத்தது. வேறுபாடு நீராவியில் இல்லை. கற்ற கல்வியும், விரும்பிய இடத்துக்குச் செல்லும் உரிமையும், உழைப்பின் விலையைக் கேட்கும் வலிமையும் எவரிடம் இருந்தனவோ அவர்களுக்கு இயந்திரம் ஏவலாயிற்று. அவை மறுக்கப்பட்டவர்களை அது தன் ஏவலிற் கொண்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1990இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை போரினால் அற்றுப்போய், 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலேதான் வண்டி மீண்டும் அந்நிலையத்தை அடைந்தது. அதற்கிடையில் ஒரு தலைமுறை புகையிரதத்தைக் காணாமலே வளர்ந்தது. எத்துணைச் சிறந்த இயந்திரமும் அமைதியில்லாத இடத்தில் வெறும் இரும்பே.

இன்று நம் வாயிலில் நிற்கும் புதிய இயந்திரங்கள் எதற்குப் பயன்படப்போகின்றன என்பதை, அன்று கோப்பிக்காகப் பாதையிட்டோர் அறியாததுபோலவே, நாமும் முற்றாக அறியோம். அறியக்கூடியது ஒன்றுண்டு. அவை வந்துசேருமுன் நம் பிள்ளைகளுள் எவரெவருக்குக் கல்வி கிடைத்திருக்கின்றது, எவரெவருக்கு உரிமை கிடைத்திருக்கின்றது என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். கடுகண்ணாவை ஏற்றத்தில் அடுத்தமுறை வண்டி தளர்ந்து ஏறும்போது, அந்தப் பாறையை உடைத்த பெயர் தெரியாத கைகளை ஒருகணம் நினைப்பீர்களாக.