பழவேற்காட்டு ஏரிக்கரை வாழ்வு

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் வங்கக் கடலை ஒட்டி விரிந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. ஏரி என்று நாம் அழைத்தாலும் இது மழைநீர் மட்டும் தேங்கும் ஏரியன்று. ஆரணி, காளங்கி, சுவர்ணமுகி ஆறுகள் கொண்டுவரும் நன்னீரும், முகத்துவாரத்தின் வழியே ஏறிவரும் கடல்நீரும் கலக்கின்ற காயல் இது. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் உள்ளது. தென்கோடிதான் தமிழகத்தைச் சேர்ந்தது.

கோட்டை கட்டியவர்களின் வரலாறு நூல்களில் உண்டு. வலை வீசியவர்களும், கூடை முடைந்தவர்களும், இறால் தடவியவர்களும் எப்படிக் கூடி வாழ்ந்தார்கள், எதில் மகிழ்ந்தார்கள் என்பதைச் சொல்லும் ஏடுகள் குறைவு. அதைச் சிறிதளவேனும் பதித்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வந்தவர்களும் தங்கியவர்களும்

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இத்துறைமுகத்துக்கு வந்தனர். இங்குள்ள மகிமை மாதா ஆலயம் 1515-ஆம் ஆண்டில் தோன்றியது என்பது வழிவழியாக வரும் செய்தி. அடுத்து வந்த டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தனர். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாக இவ்வூர் விளங்கியது. 1690-இல் அத்தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறிற்று. துணிகளோடு அடிமைகளாக மனிதரும் இத்துறையிலிருந்து கப்பலேற்றப்பட்டனர் என்பதை நாம் மறைக்கலாகாது.

இன்று கோட்டை இடிந்து மேடாகிவிட்டது. டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஆனால் ஊரின் பெயர் மட்டும் கடல் கடந்து வாழ்கிறது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட கைலியைப் ‘பெலிக்காட்’ என்கிறார்கள். அது நம் பழவேற்காடுதான்!

வந்தவர்கள் போனார்கள், ஏரியை நம்பியவர்கள் தங்கினார்கள். மீனவக் குப்பங்களும், இஸ்லாமியர் தெருக்களும், இருளர் குடியிருப்புகளும் ஒரே நீரைப் பார்த்து வாழ்கின்றன. குப்பத்தில் இறால், இஸ்லாமியப் பெண்களின் கையில் பனை ஓலைக் கூடை, பெட்டி, இருளர் கையில் வலையே வேண்டாத மீன்பிடிக் கலை. இடுப்பளவு நீரில் அமர்ந்து, சேற்றைக் கைகளால் தடவி, இறாலைப் பிடித்து விடுவார்கள்!

பாடு என்னும் பங்குமுறை

ஏரி எல்லார்க்கும் பொது. ஆனால் ஏரியின் எல்லா இடமும் ஒன்றன்று. வளர்ந்த இறால் கடலை நாடி முகத்துவாரம் நோக்கிப் போகும். ஆகவே அதன் அருகே கழி நட்டுச் சுத்துவலை கட்டுகிறவனுக்கு நல்ல வருவாய். அந்த இடத்தை வலுத்தவனே நாளும் பிடித்துக்கொண்டால் மற்றவன் வீட்டில் அடுப்பு எரியுமா?

இதற்கு நம் முன்னோர் கண்ட வழியே பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் வலை கட்டும் இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொண்டன. இன்று ஓர் ஊருக்குக் கிடைத்த நல்ல இடம் பிறகு அடுத்த ஊருக்குப் போகும். ஊருக்குள்ளும் ஆள் மாற்றி ஆள் முறை வரும். வறியவனுக்கும் அவன் நாள் உண்டு. வசதி படைத்தவனும் தன் நாளுக்குக் காத்திருக்க வேண்டும்.

இம்முறையில் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பாடு ஊர்க் கணக்கில் சேர்ந்த மீனவ ஆண்களுக்கே உரியது. கைகளால் தடவிப் பிடிக்கும் பெண்களுக்கும் இருளர்க்கும் அதில் இடமில்லை. உரிமை இல்லாத பிற குப்பத்தார் பங்கு கேட்டபோது பூசல்களும் எழுந்தன. எனினும், பிடிப்பதற்கு முன் பகிர்வதை யோசித்த சமுதாயம் இது என்பது பெருமைக்குரியதன்றோ!

எளிய இன்பங்கள்

முறை இல்லாத நாள் ஓய்வு நாளாகிவிடாது. மர நிழலில் அமர்ந்து வலைக்கண் தைக்க வேண்டும். ஆயினும் அந்த நிழலில்தான் ஊர்க்கதை பிறக்கும், கல்யாணப் பேச்சு முடிவாகும், சண்டைக்காரர் சமாதானமாவர். கரையில் இறாலைத் தரம் பிரிக்கும் பெண்களின் சிரிப்பொலி இன்னொரு புறம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் பூநாரைகள் வந்திறங்கும். ஆழமில்லாத நீரில் அவை வரிசையாக நின்று மேய்வதைச் சிறுவர் எண்ணத் தொடங்கி, எண்ணி முடிக்காமலே வீடு திரும்புவர். தை மாதத்தில் அவித்த பனங்கிழங்கு, கோடையில் நுங்கு, மடவை மீன் குழம்பு, மறுநாள் அதே குழம்போடு பழைய சோறு! இவற்றுக்கு ஈடான விருந்தை நாம் கண்டதில்லை. ஆலயத் திருவிழாவானால் உறவினர் வந்து குவிவர். திண்ணையில் பாய் விரித்தால் அதுவே விருந்தினர் மாளிகை.

மாறிய காலம்

1806-இல் சென்னையிலிருந்து வெட்டத் தொடங்கிய கால்வாய் பின்னர் இந்த ஏரியோடு இணைந்து, பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் அதில் சென்றன. லாரிகள் வந்ததும் அவை மறைந்தன. 1969-இல் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளத்துக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தீவை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களுள் பல ஏரியையே நம்பி வந்தன. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கரையைத் தாக்கியது. 2011 கிறிஸ்துமஸ் நாளன்று ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். உல்லாசமாகச் சென்றவர்களின் சாவு நம் திருநாளைத் துக்க நாளாக்கியது.

இவற்றினும் அமைதியாக நேர்வது ஒன்றுண்டு. முகத்துவாரம் மணலால் தூர்ந்து போகிறது. கடல்நீர் ஏறாவிட்டால் இறால் குஞ்சு உள்ளே வராது. வளர்ந்ததும் வெளியே போகாது. முறை வந்தும் வலையில் ஒன்றும் விழாத நாளில் பாட்டுக்கு என்ன பொருள்? படித்த பிள்ளைகள் சென்னைக்கு வேலை தேடிப் போவதில் வியப்பில்லை.

நம் கடமை

நாம் மேலே சொன்ன இன்பங்களில் எதையும் ஒருவர் தனித்து அனுபவித்ததில்லை. நிழலும், கரையும், குழம்பும், திண்ணையும் பகிர்ந்ததனாலேயே இனித்தன. தனக்கு முறை உண்டு என்ற நம்பிக்கையே ஏழையையும் சிரிக்க வைத்தது. எனவே முகத்துவாரம் திறந்திருக்கக் குரல் கொடுப்போம். கழிவும் குப்பையும் ஏரியில் சேராமல் காப்போம். இதுவரை முறை கிடைக்காதவர்க்கும் இடம் விட்டுப் பழகுவோம். பெரியோர் நமக்கு வைத்துப்போன சொத்து ஏரி மட்டுமன்று, அதைப் பங்கிட்டுக்கொள்ளும் மனமும்தான். இரண்டையும் நம் பிள்ளைகளிடம் குறைவின்றி ஒப்படைப்போமாக!