வைனும் மூடப்பட்ட உலகங்களும்: ஒரு களப்பணிக் குறிப்பு

மெய்நிகர் உலகங்களைப் பற்றிய பேச்சு 'மெட்டாவெர்ஸ்' என்ற சொல்லோடு பிறந்ததுபோல் இன்று எழுதுகிறார்கள். 1995இலேயே 'ஆக்டிவ் வேர்ல்ட்ஸ்' இருந்தது. 2003இல் 'தேர்' வந்தது (ஆங்கிலத்தில் 'அங்கே', நம் கோயில் தேரன்று). மக்கள் உருவம் பூண்டு அவற்றுள் நடந்தனர், உரையாடினர், நட்புக் கொண்டனர். ஆனால் 'தேர்' உலகின் வாயில் விண்டோஸ் கணினிக்கு மட்டுமே திறந்தது. லினக்ஸ் பயனர் அத்தகைய வாயில்களைக் கடக்க முயன்ற வரலாறு, என் பார்வையில், கணினியியலைவிட மொழியியலுக்கே நெருக்கமானது.

அவ்வரலாற்றின் மையத்தில் நிற்பது 'வைன்'. விண்டோஸ் 3.1 நிரல்களை லினக்ஸில் இயக்குவதற்காக 1993இல் பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் ஆகியோர் தொடங்கிய திட்டம் இது. அடுத்த ஆண்டு அலெக்ஸாண்டர் ஜூலியார் பொறுப்பேற்றார். 1.0 பதிப்பு வெளிவந்தது 2008 ஜூனில். பதினைந்து ஆண்டுகள்! நம் துறையில் ஆய்வேடு தாமதமாவோர் ஆறுதல் கொள்ளலாம்.

வைன் கணினியைப் போலிசெய்வதில்லை. இரு இயங்குதளங்களும் ஒரே வகைச் செயலியின்மேல் இயங்குவதால், நிரலின் கட்டளைகள் அப்படியே ஓடும். இயங்குதளத்திடம் நிரல் விடுக்கும் வேண்டுகோள்கள்தாம் வேறுபடுகின்றன: சாளரம் திற, கோப்பைப் படி, முப்பரிமாணக் காட்சியை வரை. அவற்றைக் கேட்டு, லினக்ஸ் வழக்கில் நிறைவேற்றித் தருகிறது வைன். ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் பார்த்த துபாஷி வேலையோடு இதை ஒப்பிடலாம்.

இந்தத் துபாஷி மொழியைக் கற்ற முறைதான் வியப்பளிப்பது. விண்டோஸின் மூலநிரலைப் பார்த்தவர்கள் வைனுக்கு எழுதக்கூடாது என்பது அத்திட்டத்தின் விதி. இலக்கண நூல் கைக்கு வராத நிலையில், சிறு சோதனை நிரல்களை எழுதி, விண்டோஸில் ஓட்டி, விடையைக் குறித்துக்கொண்டு, விதியை ஊகிக்கின்றனர். களத்தில் தகவலாளி முன் அமர்ந்து வாக்கியம் வாக்கியமாகக் கேட்டு இலக்கணம் வரைவது இதுவேயன்றோ? விண்டோஸ் பிழையாக நடந்துகொள்ளும் இடங்களில் வைனும் அதே பிழையைச் செய்தாக வேண்டும். அப்பிழையை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உள்ளன. வழக்கே இலக்கணம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குக் கிட்டவில்லை.

ஆயினும் வைன் கடத்துவது வாயிலைத்தான். உலகம் இருப்பது நிறுவனத்தின் சர்வரில். கூகுளின் 'லைவ்லி' 2008 ஜூலையில் தொடங்கி அவ்வாண்டு முடிவதற்குள் மூடப்பட்டது. 'தேர்' 2010 மார்ச்சில் மூடப்பட்டது. இரண்டாண்டுக்குப்பின் அதன் உரிமையாளர்கள் மீண்டும் திறந்தனர். குடியிருந்தோர் விரும்பியிருந்தால் திறந்திருக்க முடியாது. வைனின் தகவலாளியான விண்டோஸ் உயிரோடிருந்து கேள்விக்கு விடை சொன்னது. மூடிய சர்வரிடம் எதைக் கேட்பது?

ஆண்டர்சன்பேட்டையில் இருந்து இதை எழுதும்போது 2001 பிப்ரவரி 28 நினைவுக்கு வராமல் இராது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய தங்கச் சுரங்கப்பணி அன்றோடு நின்றது. நீரிறைப்பு நின்றபின் சுரங்கக் குழிகளில் நீர் ஏறியது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்தவர்கள் அங்கே பேசிய தொழில்மொழி, ஓய்வுபெற்றோர் நாவில் மட்டும் எஞ்சியுள்ளது. மேலே நாம் காண்பது சயனைடு மேடுகள். அச்சொற்களைத் தொகுக்க நமக்கு இன்னும் எத்தனை ஆண்டு உண்டு என்று கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இந்த முறையை உயிரோடிருந்த ஓர் உலகின்மீது செலுத்திய நிகழ்வும் உண்டு. 'செகண்ட் லைஃப்' இயங்கிக்கொண்டிருந்தபோதே, அதன் நிரலும் சர்வரும் பரிமாறிய தரவுகளைக் கவனித்து நெறிமுறையைக் கண்டறிந்தனர் 'லிப்செகண்ட்லைஃப்' திட்டத்தினர். 2007 ஜனவரியில் லிண்டன் லேப் தன் பயனர் நிரலின் மூலநிரலை வெளியிட்டது; சர்வரைத் தரவில்லை. அதே மாதம் டாரன் கார்டு தொடங்கிய 'ஓப்பன்சிம்', சர்வரையும் கட்டற்ற மென்பொருளாக எழுதத் தலைப்பட்டது. அதன்பின் எவரும் தம் கணினியில் ஓர் உலகை நிறுவலாம் என்றாயிற்று.

ஒன்று மட்டும் திறக்கவில்லை: குரல். 2007இல் சேர்க்கப்பட்ட குரல் வசதி விவாக்ஸ் என்ற நிறுவனத்தின் மூடிய மென்பொருள். அதன் லினக்ஸ் வடிவம் பின்னர் பழமையானது. ஆகவே 'ஃபயர்ஸ்டார்ம்' நிரலின் லினக்ஸ் பதிப்பு, குரலுக்கு மட்டும் விண்டோஸ் வடிவத்தை வைன்மூலம் ஓட்டியது. நடப்பதும் பார்ப்பதும் எழுதுவதும் லினக்ஸில். வாய் திறந்தால் துபாஷி வேண்டியிருந்தது.