குதிரைக்குப் புல் அறுத்த கூலி



குதிரையின் விலையைப் பற்றி நமது சரித்திர நூல்கள் வேண்டிய அளவு பேசுகின்றன. பாண்டிய மன்னர் அராபியக் குதிரைகளுக்காகப் பொன்னை வாரி இறைத்த செய்தியும், மாணிக்கவாசகர் குதிரை வாங்கச் சென்ற அரசபொருளைக் கொண்டு கோயில் எடுத்த கதையும் நாம் இளமையிலேயே கேட்டவை. ஆனால் வந்திறங்கிய குதிரை மறுநாட் காலையில் எதைத் தின்றது, அதனை அறுத்து வந்தவர் யார், அவர் பெற்ற கூலி யாது என்று கேட்போர் அரியர். இன்று அக்கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ உலர்ந்த புல் வேண்டும். பசும்புல்லில் முக்காற் பங்கு நீராதலால், அதே பசியைப் பசும்புல்லால் ஆற்றுவதாயின் 40 கிலோ அளவு அறுத்தாக வேண்டும். பத்துக் குதிரைகள் நிற்கும் சிறிய இலாயம் ஒன்றுக்கு ஆண்டில் 36,500 கிலோ உலர்புல் செல்லும்.

இங்கிலாந்திலே இதற்கு வழி எளிது. கோடையிற் புல்வெளி முற்றியதும் நீண்ட அரிவாளால் அரிந்து, வெயிலிற் புரட்டிக் காயவைத்துப் போராகக் குவித்து விடுவர். கொள்ளைநோயால் மக்கள் பெருந்தொகையாக மடிந்தபின், எஞ்சிய உழைப்பாளர் கூடுதற் கூலி கேட்டபோது, அதனைத் தடுக்க 1351ஆம் ஆண்டில் அந்நாட்டார் ஒரு சட்டம் இயற்றினர். புல் அரிபவனுக்கு ஏக்கருக்கு ஐந்து பென்சு, காயவைப்போருக்கு நாளொன்றுக்கு ஒரு பென்னி. அதற்குமேல் எவரும் வாங்கலாகாது என்பது விதி. நல்ல ஆள் ஒருவன் நாளுக்கு ஓர் ஏக்கர் அரிவான்; ஓர் ஏக்கரில் ஒரு தொன் அளவு உலர்புல் தேறினால், ஒருவனது ஒருநாள் அரிவு ஒரு குதிரைக்கு நூறு நாள் உணவாகும். புரட்டிக் காயவைப்போரின் கூலியைக் கூட்டினாலும் செலவு சிறிதே.

திருகோணமலையில் இக்கணக்குப் பலிக்காது. நமக்கு மழை தருவது வாடைக்காற்று. ஐப்பசி முதல் தை வரை கொட்டித் தீர்க்கும். புல் தழைத்து நிற்கும் அந்நாட்களில் அதைக் காயவைக்க வெயில் இல்லை. வெயில் வந்து கச்சான் வீசத் தொடங்கினால், காயவைப்பதற்குப் புல் இல்லை. துறைமுகத்தைச் சூழ்ந்த மண்ணோ மணலும் பாறையும் பற்றைக்காடும்.

தம்பலகாமத்து வயல்களில் வைக்கோல் உண்டே என்று நேயர்கள் வினவலாம். சூடு அடித்தபின் எஞ்சும் வைக்கோல் மாட்டுக்கு ஏற்றது. மாடு அசைபோடும் விலங்கு. குதிரைக்கு அந்த வயிறு இல்லை. நெல் வைக்கோலை மட்டும் உண்ட குதிரை மெலியும். சில வேளை வயிற்று நோயால் மாளும். மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாபார் எனப்பட்ட தமிழ்க் கரையைப் பற்றி எழுதுகையில், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்ட குதிரைகளில் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சவில்லை என்றும், அவற்றுக்குச் சோற்றோடு இறைச்சியையும் அவித்துக் கொடுத்தனர் என்றும் கூறுகிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். எனினும் புல்வெளி இல்லாத நாட்டில் குதிரை பட்ட பாடு அதில் தெரிகிறது.

ஆங்கிலேயர் சென்னை மாகாணத்தில் கண்ட வழி வேறு. ஒவ்வொரு குதிரைக்கும் இருவர்: தேய்த்துக் கழுவப் பராமரிக்கக் குதிரைக்காரன் ஒருவன், புல் கொண்டுவர மற்றொருவர். இந்த இரண்டாமவர் தென்னாட்டிலே பெரும்பாலும் குதிரைக்காரனின் மனைவியாகிய புல்லுக்காரியே. விடியலிற் புறப்பட்டு, வரப்பிலும் குளக்கரையிலும் அருகம்புல்லை வேரோடு செதுக்கி, மண் போக நீரில் அலசித் தலைச்சுமையாகக் கொண்டுவருவாள். கொள்ளு ஏனைப் பாதியை ஈடு செய்யும். இலங்கைக்கு வந்த குதிரைக்காரரும் பெரும்பாலும் சோழமண்டலக் கரைத் தமிழரே.

இப்பொழுது இரு கணக்குகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஒருநாள் உழைப்பு ஒரு குதிரைக்கு நூறு நாள். இங்கே ஒருத்தியின் ஒருநாள் உழைப்பு ஒரு குதிரைக்கு ஒரே நாள். ஆயினும் வெள்ளைக்கார அதிகாரிகள் இங்கே குதிரை வைத்திருப்பதைப் பெருஞ்செலவாகக் கருதவில்லை. காரணம் புல் மலிவு என்பதன்று. புல்லுக்காரி மலிவு என்பதே. குதிரைக்காரனின் சொற்பச் சம்பளத்திலும் குறைந்ததே அவளுடையது.

அதற்கு முந்திய நிலை இன்னும் மோசம். ஒல்லாந்தர் காலத்தில் ஊழியம் என்ற பெயரால் குறிப்பிட்ட சாதியார் அரசுக்குக் கூலியின்றி வேலை செய்யவேண்டியிருந்தது. கூலி இல்லாத வேலைக்கு ஏட்டிலே செலவும் இல்லை. ஆகவே பழைய கணக்கேடுகளை மட்டும் பார்த்து ஒரு காரியம் மலிவாக நடந்தது என்று முடிவு செய்யும் மாணவரை நான் எப்போதும் தடுப்பதுண்டு. கோல்புறூக் ஆணைக்குழுவின் பின்னர், 1832இல்தான் இராசகாரியம் எனும் கட்டாய வேலை சட்டப்படி ஒழிந்தது.

நமது கோட்டைக்கு 1803இல் யோர்க் கோமகன் பிரடரிக்கின் பெயர் சூட்டப்பட்டது. அதற்கு முன், 1800ஆம் ஆண்டின் இறுதியில், பிற்காலத்தில் வெலிங்டன் கோமகன் எனப் புகழ்பெற்ற ஆதர் வெல்லெஸ்லி படை திரட்டும் பணியில் இங்கு தங்கியிருந்தார். அவர் இந்தியாவிலிருந்து எழுதிய கடிதங்களைப் படிப்போர் வாளையும் பீரங்கியையும்விட அரிசியையும் பொதிமாட்டையும் பற்றிய கவலையையே மிகுதியாகக் காண்பர். தீனி இல்லாத படை நகராது என்பதை அவர் அறிந்திருந்தார். அவர் தங்கிய வீட்டை இன்றும் காட்டுகிறார்கள். அந்நாளில் அங்கே குதிரைகளுக்குப் புல் சுமந்தவர்களின் குடிசை எங்கிருந்தது என்று காட்டுவார் இல்லை.

இலங்கையிற் குதிரை வளர்ப்புக்கென அந்நியர் தெரிந்தெடுத்த இடம் நெடுந்தீவு. போர்த்துக்கேயர் தொடங்கியதாகச் சொல்லப்படும் அப்பண்ணையை ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் நடத்தினர். தீவாதலால் வேலி தேவையில்லை. குதிரைகள் தாமே மேய்ந்தமையால் அறுப்புக் கூலி பெரிதும் மிச்சம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோலன் என்னும் ஆங்கில அதிகாரி அதனை மேற்பார்த்தார். இலாயத்தின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன; அக்குதிரைகளின் வழிவந்தவை வெளிகளிலே கட்டின்றித் திரிகின்றன. கடுங்கோடையில் நீரும் புல்லும் வற்றும்போது அவற்றுட் சில மடிந்து போகின்றன.