பண்டத்துக்குத் தடை, பெயருக்கு அனுமதி: இந்தியாவில் மது விளம்பரத்தின் சட்ட வரலாறு

இந்தியத் தொலைக்காட்சியில் மதுவை விளம்பரம் செய்யச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆயினும் மதுவின் வணிகப்பெயர்களை அறியாத பார்வையாளர் அரிது. இம்முரண்பாடு தற்செயலானதன்று, அதற்கு நீண்ட சட்ட வரலாறு உண்டு.

1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம், மதுவைப் புகழ்ந்துரைப்பதையும் அதை நாடத் தூண்டும் விளம்பரங்களையும் ஒருங்கே தடுத்தது. அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம், மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டுமென 47-ஆம் கூறில் நெறிப்படுத்தியது. 19-ஆம் கூறில் கருத்துரிமையை உறுதிசெய்தது. 1951-இல் பம்பாய் மாநிலம் எதிர் எப்.என். பல்சாரா வழக்கில் இவ்விரு நோக்கங்களும் எதிரெதிராக நின்றன. உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் பெரும்பகுதியை நிலைநிறுத்தியது. மதுவைப் ‘புகழ்ந்துரைத்தல்’ குற்றம் என்ற பகுதியைக் கருத்துரிமைக்கு முரணானதெனச் செல்லாததாக்கியது. எது தூண்டுதல், எது வெறும் பேச்சு என்ற வினா அன்றே எழுந்துவிட்டது.

மது மாநிலப் பட்டியலில் இடம்பெற்றதால், விளம்பரத் தடையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. 1990களில் பரவிய கம்பிவடத் தொலைக்காட்சிக்கு மாநில எல்லைகள் பொருட்டல்ல. 2000-இல் கம்பிவடத் தொலைக்காட்சி விதிகள் திருத்தப்பட்டு, மது விளம்பரங்கள் தடைசெய்யப்பட்டன. நிறுவனங்கள் விரைவில் வழி கண்டன. பேக்பைப்பர் சோடாவாகவும், கிங்ஃபிஷர் குடிநீராகவும், ராயல் ஸ்டேக் இசைத்தட்டாகவும் திரையில் தோன்றின. பண்டம் மாறியது, பெயரும் சின்னமும் மாறவில்லை. 2008-இல் ஒரு விஸ்கியின் பெயரைத் தாங்கிய ‘ராயல் சேலஞ்சர்ஸ்’ அணி ஐபிஎல் களத்தில் இறங்கியபோது, அப்பெயரைச் சிறுவர்களும் உற்சாகத்துடன் முழங்கினர்.

2009-இல் வந்த திருத்தம் இவ்வழக்கத்தை அடைப்பதற்குப் பதிலாக வரையறுத்தது. தடைசெய்யப்பட்ட பண்டத்தின் பெயரைத் தாங்கிய வேறொரு பண்டத்தை நிபந்தனைகளுடன் விளம்பரம் செய்யலாம். அப்பண்டம் உண்மையில் கடைகளில் கிடைக்க வேண்டும். விளம்பரச் செலவு விற்பனைக்குப் பொருந்தாத அளவில் இருத்தல் ஆகாது. 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் பதிலி விளம்பரத்தை வெளிப்படையாகத் தடைசெய்தன. ஆனால் பெயரை மட்டும் பயன்படுத்துவது, வேறு வகையில் ஆட்சேபத்துக்கு உரியதல்லாதவரை, பதிலி விளம்பரமாகாது என்ற விலக்கும் அவற்றுள் இடம்பெற்றது. விற்கப்படுவதே பெயர்தான் எனும்போது, அவ்விலக்கு தடையின் உயிர்நிலையையே தொடுகிறது.

குடிப்பவர் ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறுவதற்கே விளம்பரம் உதவுகிறது, புதியவர்களை அது ஈர்ப்பதில்லை என்பது தொழில்துறையின் வாதம். இந்தியச் சூழலில் இவ்வாதம் வலுவற்றது. 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையிலானோரில் 14.6 விழுக்காட்டினரே மது அருந்துகின்றனர். பெண்களில் அவ்விகிதம் 1.6 மட்டுமே. குடிக்காதோர் பெரும்பான்மையினராக உள்ள நாட்டில், அவர்கள் நாள்தோறும் காணும் விளம்பரம் குடிப்போரை மட்டும் எட்டுகிறது என்பது எவ்வாறு பொருந்தும்? மறுபுறம், ஏறத்தாழ 5.7 கோடிப் பேர் மதுவால் உண்டாகும் சிக்கல்களுக்கு உதவி தேவைப்படும் நிலையில் உள்ளனர் என்றும் அதே ஆய்வு கணித்தது. மீள முயலும் அவர்களும் அவ்விளம்பரங்களையே காண்கின்றனர்.

புகையிலைக்கு 2003-இல் நேர்முக, மறைமுக விளம்பரங்கள் இரண்டையும் தடுக்கும் மத்தியச் சட்டம் இயற்றப்பட்டது. மதுவுக்கு அத்தகைய பொதுச் சட்டம் இல்லை. கலால் வருவாயை நம்பும் மாநிலங்கள் அதை வலியுறுத்துவதற்குக் காரணம் குறைவு. எனினும் மது வணிகம் அடிப்படை உரிமையன்று என உச்ச நீதிமன்றம் கோடே வழக்கில் தெளிவுபடுத்தியுள்ளது; ஒலிபரப்பும் தகவல்தொடர்பும் ஒன்றியத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. எனவே அரசமைப்புத் தடை பெரிதன்று. தொலைக்காட்சி, இணையம், விளையாட்டுக் களம் என ஊடகந்தோறும் தனித்தனி விதி வகுப்பதை விடுத்து, மதுவின் பெயரும் சின்னமும் எந்தப் பண்டத்தின் மேல் தோன்றினும் அதனை மது விளம்பரமாகவே கருதும் ஒரே சட்டம் தேவை. அதுவரை 47-ஆம் கூறின் நெறி ஏட்டளவிலேயே நிற்கும்.