சிறார் வாழ்வை வகுத்தவர் யார்? வட்டுக்கோட்டை வரலாற்றில் ஒரு நோக்கு

பிள்ளையைப் பெற்றோர் வளர்க்கின்றனர் என்பது உலக வழக்கு. ஆயின் ஒரு பிள்ளை எத்தனை மணிக்குத் துயிலெழ வேண்டும், எந்தக் கிணற்றில் நீர் அருந்தலாம், எவருடன் ஒரே வாங்கில் அமரலாம், எந்தப் பெயரால் அழைக்கப்பட வேண்டும் என்பனவற்றைப் பெற்றோர் தாமாகவே தீர்மானித்த காலம் ஒன்று இருந்ததோ என்று ஆராயின், இருந்ததாகத் தோன்றவில்லை. ஊரும் உறவும், சாதியும் சமயமும், அரசாங்கமும் பள்ளிக்கூடமும் அந்தச் சிறு பிள்ளையின் நாளிலே பங்கு கேட்டே வந்துள்ளன. இதனை ஆராய்தற்கு எமது வட்டுக்கோட்டையைப் போல வாய்ப்பான ஊர் வேறில்லை. வட்டுக்கோட்டை என்றதும் 1976 மே 14ஆந் தேதித் தீர்மானத்தையே இன்று பலரும் நினைப்பர். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே இவ்வூரிற் பிள்ளைகளைப் பற்றிய பெரிய வழக்கொன்று நடந்தது. அதனையே ஈண்டு எடுத்துக் கொள்கின்றேன்.

முதலில் வீட்டைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துக் குடும்பம் எவ்வாறு இயங்கிற்று என்பதற்குத் தேசவழமையே சான்று. ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸ் காலத்தில், கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1707இல் இதனைத் தொகுத்து எழுதினார். சொத்தைப் பற்றிய சட்டமென்றே நாம் இதனை எண்ணுகின்றோம். ஆனால் அதைக் கூர்ந்து வாசித்தால் பிள்ளைகளின் வாழ்வே அதில் மறைந்து கிடக்கின்றது. தாயை இழந்த குழந்தையின் தந்தை மறுமணஞ் செய்ய விரும்பினால், குழந்தையைத் தாயின் தாயோ அவ்வழி உறவினரோ எடுத்து வளர்ப்பது வழக்கம். அவ்வாறு எடுக்கும்போது இறந்தவள் கொண்டுவந்த சீதனம் முழுவதையும், தேடியதேட்டத்திற் பாதியையும் தந்தை கூடவே ஒப்படைக்க வேண்டும். ‘பேத்தி வீட்டுப் பிள்ளை’ என்று எம்மூரிற் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பிள்ளை எவர் தயவிலும் வளரவில்லை, தன் தாயின் முதலிலேயே வளர்ந்தது. இது எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! ஆண் மக்களுக்கோ வேறொரு விதி. மணமாகும் வரை அவர்கள் உழைத்தது பெற்றோரின் பொதுச் சொத்திலேயே சேரும். தாம் அணிந்த பொன் வெள்ளி ஆபரணங்களே அவர்க்கு மிச்சம். ஆகவே ஒரு பையன் பத்து வயதில் தோட்டத்திற்குப் போனதும், பதினெட்டில் உத்தியோகத்திற்குப் போனதும் அவன் சொந்த விடயமன்று. அக்காளின் சீதனம் அவன் தோளில் இருந்தது.

பள்ளிக்கூடம் என்றால் அக்காலத்தில் வாத்தியாரின் திண்ணைதான். விசயதசமியில் ஏடு தொடக்கி, மணலில் விரலால் எழுதிப் பழகி, பின்னர் எழுத்தாணியும் ஓலையும் பிடித்து, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நிகண்டு என்று மனனஞ் செய்வர். பொருள் விளங்குவது பின்னாளில். பொழுது விடியுமுன் போக வேண்டும். பிந்தி வந்தவனுக்குப் பிரம்படி. வாத்தியாருக்கு ஊதியம் நெல்லும் காய்கறியும் விசேட தினங்களிற் கொடுக்கும் கைக்காணியுமாம். இந்தத் திண்ணையைச் சிலர் பொற்காலமெனப் போற்றுகின்றனர். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. அத்திண்ணையில் ஏறியவர் எத்தனை பேர், ஏறாதவர் எத்தனை பேர் என்று எண்ணாமற் புகழ்வது சரியன்று. பெண் பிள்ளைகள் மிகச் சிலரே ஏறினர். ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகள் ஏறவேயில்லை.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின் கோவிற்பற்றுத் தோறும் பள்ளிக்கூடம் வைத்தனர். பிள்ளை வராவிட்டாற் பெற்றோருக்குக் குற்றப்பணம் விதித்தனர். ஞானஸ்நானமும் விவாகமும் பள்ளிக்கூடத் தோம்பிலேயே பதியப்பட்டன. பகலில் அங்கே செபஞ் சொல்லிய பிள்ளை இரவிலே வீட்டுக்குள் விளக்கேற்றித் தேவாரம் பாடிற்று. வாய் ஒன்று சொல்ல மனம் ஒன்று கொள்ளும் இப்பழக்கம் எம்மவர்க்கு அக்காலத்திலேயே ஏற்பட்டது போலும். ஒல்லாந்தர் போனதும் அப்பள்ளிகளுட் பெரும்பாலானவை தளர்ந்து போயின.

பின்னர் 1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். அவர்களுள் மெய்க்ஸ், றிச்சாட்ஸ் என்போர் வட்டுக்கோட்டையிற் பாழடைந்து கிடந்த பழைய கோவிற் கட்டிடங்களைத் திருத்தித் தங்கினர். 1823இல் தானியேல் பூவரைத் தலைவராகக் கொண்டு சாத்திரசாலை தொடங்கியது. ‘செமினறி’ என்று ஊரார் சொல்வது இதனையே. தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம், கணிதம், வானசாத்திரம் எல்லாம் கற்பித்தனர். உணவும் உடையும் உறையுளும் இலவசம். இப்படி இருக்க, பிள்ளைகள் திரண்டு வந்திருப்பர் என்றுதானே எண்ணுவோம்? அப்படியன்று. ஆரம்ப நாளிற் பெற்றோர் அஞ்சினர். அவர்கள் அஞ்சியது பாடத்துக்கன்று, சோற்றுக்கு!

கிறித்தவர் வளவிற் சமைத்த சோற்றைச் சைவப் பிள்ளை உண்பதோ? இக்கேள்விக்கு விடை கண்டபின்பே விடுதி நடந்தது. மிசன் வளவுக்கு வெளியே, அயலிற் சைவர் ஒருவரது நிலத்தில் தனி அடுக்களை அமைத்து, சைவச் சமையற்காரர் கையாற் சமைப்பித்து, அங்கேயே பிள்ளைகளை உண்பித்தனர். கிணற்று நீரிலும் இவ்வாறே வழக்கு எழுந்தது. கலிலியோவையும் நியூற்றனையும் ஏற்றுக்கொண்ட பெற்றோர் அகப்பையை மாத்திரம் விட்டுக் கொடுக்கவில்லை. இதனைக் கேட்டுச் சிரிப்போர் உளர். யான் சிரிக்க மாட்டேன். ஒரு சமூகம் தன் பிள்ளையைப் பிறர் கையிற் கொடுக்கும்போது எதை இறுதிவரை பிடித்து வைத்திருக்கின்றது என்று பார்த்தால், அச்சமூகத்தின் உயிர் எங்கே இருந்ததென்று தெரியும். ஆயின் அந்த அடுக்களையிற் சமயமும் சாதியும் ஒரே பானையில் வெந்தன என்பதையும் மறைத்தலாகாது. காலஞ் செல்ல அந்த வேலி தளர்ந்தது, பிள்ளைகள் உள்ளேயே உண்டனர்.

சோற்றைக் காத்தவர்களாற் பெயரைக் காக்க முடியவில்லை. அமெரிக்காவிலிருந்து ஒரு பிள்ளையின் செலவுக்குப் பணம் அனுப்பியவர், அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டும் உரிமை பெற்றார். ‘கறோல்’ விசுவநாதபிள்ளை, ‘ஆர்னல்ட்’ சதாசிவம்பிள்ளை, ‘வைமன்’ கதிரைவேற்பிள்ளை என்றெல்லாம் நாம் இன்று மரியாதையுடன் சொல்லும் பெயர்கள் அவ்வாறு வந்தனவே. ஒரு முறையேனும் கண்டிராத தூர தேசத்தாரின் பெயரைத் தலையிற் சுமந்துகொண்டு, விடுமுறைக்கு வீடு வந்த பையனை ஆச்சி என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள்? பழைய பெயரைத்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

1829இல் நடந்த ஒரு சம்பவம் நோக்கத்தக்கது. அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் அவ்வாண்டு மார்ச் 20இற் சந்திர கிரகணம் என்று குறித்தது. பூவர் தம் கணிப்பின்படி, பஞ்சாங்கம் சொன்ன நேரத்திற் கால் மணி அளவு பிழை உண்டென்றார். அன்றிரவு ஆகாயத்தைப் பார்த்து நின்றோருக்குப் பூவர் கணக்கே சரியெனத் தெரிந்தது. இதனை மிசனரிமார் தம் வெற்றியாகவே எழுதினர். அது அவர் பக்கம். யான் நினைப்பது அங்கு நின்ற மாணவனை. அவன் வீட்டில் உண்பதும் நீராடுவதும், நல்ல காரியந் தொடங்குவதும் அந்தப் பஞ்சாங்கத்தின்படியே. கிரகணம் தொடங்கமுன் அடுப்பணைத்து, விட்டபின் தலை முழுகும் தாய்க்கு அவன் மறுநாட் போய் என்ன சொன்னான்? கால் மணி பிந்தி முழுகும்படியா சொல்லியிருப்பான்? சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் அதன்பின்னும் வீடுகளில் இருந்தது. பாடசாலை அறிவு தலைக்கு, வீட்டு வழக்கு நாளுக்கு என்று பங்கிட்டுக் கொண்டனர் எம் முன்னோர்.

சாத்திரசாலை 1855இல் மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து றூபஸ் அன்டர்சனும் தொம்சனும் வந்து பார்த்து, ஆங்கிலம் கற்றோர் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்கே போகின்றனர் எனக் கண்டனர். உண்மைதான். பிள்ளையை அனுப்பிய தந்தையர் நோக்கம் ஆரம்பந் தொட்டே உத்தியோகம். குடும்பம் பள்ளியைத் தன் தேவைக்குப் பயன்படுத்திற்று, பள்ளி குடும்பத்தைத் தன் தேவைக்கு மாற்ற முயன்றது. இருவரும் ஓரளவே வென்றனர். 1857இற் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளையும் சாத்திரசாலை மாணவரே. இருவரும் பின்னர்ச் சைவத்திற்கு மீண்டனர். தாமோதரம்பிள்ளை ஏட்டிலிருந்த தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். அந்நிய பள்ளி எம் பிள்ளையைக் கெடுத்தது என்று ஒரே வாக்கியத்தில் முடிப்போர் இதனையும் கருத வேண்டும். 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

சைவர் தமக்கென ஒரு பள்ளி வேண்டுமென்று எண்ணியது இக்காலத்திலேயே. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவர் இயற்றிய பாலபாடங்கள் எழுத்தை மாத்திரமா கற்பித்தன? பல் விளக்குவது முதற் படுக்கைக்குப் போவது வரை பிள்ளையின் முழு நாளையும் ஒழுங்கு செய்தன. மிசன் விடுதியின் மணிக்கு ஒத்த ஓர் ஒழுங்கை அவர் சைவ வீட்டுக்குள்ளே கொண்டுவந்தார் என்றால் மிகையன்று. திருநீறு பூசிச் செல்லும் பிள்ளைகளைச் சில பாடசாலைகள் ஏற்காதிருந்த நாட்கள் அவை. வாசலில் அழித்து, திரும்பும் வழியிற் பூசிக்கொண்ட பிள்ளைகளைப் பற்றி எம் பாட்டனார் தம் தந்தையார் வாயிலாகக் கேட்டதைச் சொல்வார். வட்டுக்கோட்டை இந்துக் கல்லூரி 1894இல் தோன்றியதையும், 1923இற் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றி ஊர் தோறும் பள்ளி வைத்ததையும் இங்கு விரிக்கவில்லை. அங்கத்தவர் யாவரும் அறிவர்.

பெண் பிள்ளைகள் கதை வேறு. உடுவிலில் 1824இல் விடுதிப் பாடசாலை தொடங்கியபோது பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்பதே ஊரார் கேள்வி. கலியாணத்துக்கு உதவுமா என்பதே பெற்றோர் கணக்கு. ஆகவே மிசனே ஆரம்பத்தில் மாணவியருக்குச் சீதனங் கொடுத்து மணஞ் செய்வித்தது. கல்வியைக் கொணர்ந்தவரும் சீதனத்துக்கு முன் தலை வணங்கினர். அது இன்னும் தலை நிமிர்ந்தே நிற்கின்றது.

இனி யான் கண்டதைச் சொல்கின்றேன். என் சிறுபராயம் 1950களிலும் 1960களிலும் இவ்வூரிற் கழிந்தது. விடியற்காலை துலாவில் ஏறி மிதிப்பது எங்கள் வேலை. புகையிலைக்கு நீர் பாய்ச்சும் மாதங்களில் வாங்குகள் அரைவாசி வெறுமையாகும். வாத்தியாரும் கோபிப்பதில்லை, அவர் தோட்டத்திலும் அதே வேலைதான். மாலையிற் கை கால் கழுவித் திருநீறணிந்து தேவாரம் பாடாமற் சோறு கிடையாது. கோயிலிற் கந்தபுராணம் படிக்கும் காலத்தில் ஆச்சியின் மடியில் அரைத் தூக்கத்திற் கிடந்தே சூரபன்மனைத் தெரிந்துகொண்டோம். இவை யாவும் இனிய நினைவுகளே.

ஆயின் ஒரு நினைவு இனியதன்று. யான் படித்த பாடசாலையின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அங்கு கிணற்றடியில் ஒரு பையன் இரு கைகளையும் குவித்தபடி நிற்பான். வாளியைத் தொட அவனுக்கு உரிமையில்லை. நாங்கள் எவரேனும் வார்த்தாற் குடிப்பான். விளையாட்டு அவசரத்தில் வார்க்காமல் ஓடிவிட்ட நாட்கள் பல. மணி அடிக்கும், அவன் குடியாமலே வகுப்புக்கு வருவான். சம ஆசன விதியை அரசினர் கொண்டுவந்து அப்போது முப்பது ஆண்டு ஆகியிருக்கும். 1930ஆம் ஆண்டளவில் அவ்விதியை எதிர்த்துச் சில இடங்களிற் பாடசாலைகளுக்கே தீ வைத்தனர் என்பது இக்குடாநாட்டின் வரலாறு. வாங்கிலே பக்கத்திற் பிள்ளை இருக்கக் கூடாதென்று பள்ளியையே எரித்தவரும் ‘கல்வியே கண்’ என்று சொன்னவர்தாம்! அதை எதிர்த்து நின்றவர்களுள் யாழ்ப்பாண வாலிப காங்கிரசார் முக்கியமானவர். 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய அவ்வியக்கத்தை முன்னின்று நடத்திய ஹன்டி பேரின்பநாயகம் யாழ்ப்பாணக் கல்லூரியோடு தொடர்புடையவர். சம ஆசனத்தையும் சமபோசனத்தையும் அவர்கள் வேண்டினர். 1957இற் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டமும் வந்தது. சட்டம் வந்தபின்னும் அந்தப் பையன் கை குவித்தே நின்றான். என் தந்தையார் நல்லவர், எவரையும் வைதறியாதவர். அவனுக்கு வார்க்கும்படி எனக்குச் சொல்லித் தந்தவரும் அவரே. வாளியை அவன் கையிற் கொடு என்று அவர் சொல்லவில்லை. யானும் கேட்கவில்லை.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961இல் உதவி பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. மிசன் பள்ளி, சைவப் பள்ளி என்ற பழைய வழக்குப் பெரும்பாலும் அதனோடு ஓய்ந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவிலே பெயர்ந்து நாவற்குழிப் பாலங் கடந்தபோது, எம்மூர்ப் பிள்ளைகளும் புத்தகப் பையும் பானையுமாய் நடந்தனர். தென்மராட்சியிற் கோயில் மண்டபங்களிலும் பள்ளி விறாந்தைகளிலும் எல்லோரும் ஒரே கிணற்றில் அள்ளிக் குடித்தோம். அடுத்த ஆண்டு மீண்டு வந்தபோது அவ்வழக்கம் எவ்வளவு எங்களோடு திரும்பிற்று என்பதை அவரவர் வளவுக் கிணற்றடியிலேதான் பார்க்க வேண்டும்.

இன்று என் அயல்வீட்டிற் பேத்தியுடன் வளரும் சிறுமி ஒருத்தி உண்டு. தாய் தந்தையர் கடல் கடந்த தேசத்தில். ஐந்து மணிக்கு எழும்பி, பாடசாலை முடிந்ததும் தனியார் வகுப்பு, இரவு ஏழுக்கு மற்றொன்று. விளையாட நேரமில்லை, துலா மிதிக்கவும் வேலையில்லை. சென்ற விசயதசமியன்று அவளது தம்பிக்கு ஏடு தொடக்கினர். தம்பி பிறந்தது அங்கே. தந்தை மடியில் இருத்தித் தட்டத்து அரிசியில் ‘அ’ எழுதுவித்ததைக் கைத்தொலைபேசியில் இங்கிருந்து பார்த்தோம். பேத்தியார் அதன் முன்னே குத்துவிளக்கேற்றி வைத்து, எழுத்து வளைந்ததைக் கண்டு, ‘கையை நல்லாய்ப் பிடி மேனே’ என்று உரக்கச் சொன்னார். அங்கே அப்போது விடியற்காலம்.